ஒரு தட்டைக் காலியாக விட்ட தராசு



பூமிக்கு அடியில் கிடக்கும் நிலக்கரி யாருக்குச் சொந்தம்? நமது ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். "சர்வேசுரனுக்குச் சொந்தம்" என்று தயங்காமல் சொல்வார்கள். சர்க்கார் உத்தியோகஸ்தரிடம் கேட்டால், "பொது ஜனங்களுக்குச் சொந்தம், அவர்கள் சார்பில் அரசாங்கம் காவல் இருக்கிறது" என்பார். சுரங்கக் கம்பெனிக்காரரோ, "குத்தகைப் பணம் கட்டியிருக்கிறோம், ஆகையால் எங்களுக்குச் சொந்தம்" என்று கூறுவார். இம்மூன்று விடைகளும் ஒன்றுக்கொன்று விரோதமானவை என்று எண்ண வேண்டாம். குத்தகைதாரன் சர்க்காருக்கும், சர்க்கார் ஜனங்களுக்கும், ஜனங்கள் எல்லோரும் சிருஷ்டிகருக்கும் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்கள். வினை தொடங்குவது, நடுவில் இருப்பவர் கணக்கை ஒரு பக்கம் மட்டும் எழுதிவைக்கும்போதுதான்.

அப்படி எழுதப்பட்ட ஒரு கணக்கைப் பற்றியே இந்த வாரம் உங்களோடு பேச விரும்புகிறோம். அது நடந்தது தூர தேசத்தில், அமெரிக்க ஐக்கிய நாட்டின் கொலராடோ மாநிலத்தில். ஆனால் அதில் அடங்கிய நியாயம் எல்லா ஊருக்கும் பொருந்தும்.

கொலராடோவின் மேற்குப் பகுதியில் கன்னிசன் ஆற்றின் வடகிளை ஓடும் பள்ளத்தாக்கு ஒன்று உண்டு. பயோனியா, ஹாட்ச்கிஸ், சோமர்செட் என்பன அங்குள்ள சிற்றூர்கள். கீழே செர்ரி, பீச் முதலிய பழத்தோட்டங்களும் திராட்சைக் கொடிகளும்; மேலே கன்னிசன் தேசிய வனம்; வனத்தின் அடியில் நல்ல தரமான நிலக்கரி. வனமும் அதன் அடியிலுள்ள கரியும் ஐக்கிய நாட்டு மக்களின் பொதுச் சொத்து. 1920-ம் ஆண்டு இயற்றப்பட்ட கனிமக் குத்தகைச் சட்டப்படி அரசாங்கம் அக்கரியைக் கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விடுகிறது. சோமர்செட் அருகேயுள்ள வெஸ்ட் எல்க் சுரங்கம் அவ்விதம் நடப்பதே.

"பூமிக்கு அடியில்தானே தோண்டுகிறார்கள், மேலே காட்டுக்கு என்ன வந்தது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. திறந்த வெளிச் சுரங்கத்தில் மலையையே உரித்து எடுத்துவிடுகிறார்கள். அதோடு ஒப்பிட்டால் நிலத்தடிச் சுரங்கம் சாதுவானதுதான். ஆயினும் அங்கு வேலை நடக்கும் முறையைச் சற்று அறிய வேண்டும். நீண்ட சுவர் போல் நிற்கும் கரிப்பாறையை இயந்திரம் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை சீவிக்கொண்டே போகும். தலைக்கு மேலுள்ள பாறையை இரும்புத் தாங்கிகள் தாங்கி நிற்கும். இயந்திரம் முன்னேற, தாங்கிகளும் முன்னேறும்; பின்னால் விட்ட வெற்றிடத்தில் கூரை தானே இடிந்து விழும்படி விட்டுவிடுவார்கள். அதனால் மேலே நிலம் தாழும், வெடிப்பு விடும், சில இடங்களில் ஊற்று வற்றும் அல்லது வேறு திசை பார்த்துப் போகும்.

மற்றொன்று வாயு. கரிக்குள் மீத்தேன் என்ற வாயு அடைபட்டிருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. காற்றில் 5 பங்கு முதல் 15 பங்கு வரை கலந்துவிட்டால் ஒரு தீப்பொறி போதும். சுரங்கத் தொழிலாளரின் பாதுகாவலியான அர்ச். பார்பரம்மாள் திருநாள் டிசம்பர் 4. அத்திருநாள் கழிந்த இரண்டாம் நாள், 1907-ம் ஆண்டு டிசம்பர் 6-ம் தேதி, மேற்கு வர்ஜீனியாவில் மோனோங்கா என்ற ஊரில் சுரங்கம் வெடித்து 362 பேர் மாண்டார்கள். இத்தாலியிலிருந்தும் போலந்திலிருந்தும் பிழைக்க வந்த கத்தோலிக்கர் அவர்களில் அநேகர். பழைய காலம் என்று தள்ளிவிடாதீர்கள். அதே மாநிலத்தில் அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கம் 2010-ம் ஆண்டு ஏப்ரல் 5-ம் தேதி வெடித்து 29 பேர் இறந்தார்கள். உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த திங்கள் அது.

ஆகையால் வெஸ்ட் எல்க் போன்ற சுரங்கங்களில் வாயுவை வெளியேற்றியே ஆக வேண்டும். மேலே காட்டிலிருந்து கீழே கரிவரை துளையிட்டு, வாயுவை ஆகாயத்தில் விடுகிறார்கள். துளையிடும் இயந்திரம் போக வண்டிப் பாதை வேண்டும். பாதைக்கு ஆஸ்பென் மரங்களை வெட்ட வேண்டும். எல்க் மானும், கரடியும், லிங்ஸ் என்ற காட்டுப் பூனையும் நடமாடும் இடத்தில் பாதை இரைச்சல் புகும். இதுதான் பூமிக்கு அடியில் நடக்கும் வேலை மேலே எட்டிப் பார்க்கும் விதம்.

2012-ம் ஆண்டில் கொலராடோவின் 42 இலட்சம் ஏக்கர் வனத்தில் பாதை போடலாகாது என்று அரசாங்கம் விதி செய்தது. செய்த கையோடு, இந்தப் பள்ளத்தாக்கை ஒட்டிய ஏறத்தாழ 19,000 ஏக்கருக்கு மட்டும் கரிக்காக விலக்கு அளித்தது. விலக்கு அளிப்பதே அநியாயம் என்று நாம் சொல்லவில்லை. விதி உண்டானால் தகுந்த காரணத்துக்காக விலக்கும் உண்டு. திருச்சபைச் சட்டத்திலும் அப்படியே. அந்தக் காரணத்தை எப்படி எடை போட்டார்கள் என்பதில்தான் சிக்கல்.

சட்டப்படி அரசாங்கம் நன்மை தீமைகளை ஆராய்ந்து அறிக்கை வெளியிட வேண்டும். வெளியிட்டார்கள். நன்மைப் பட்டியலில் குத்தகை வருமானம், வரி, கூலி, வியாபாரம் எல்லாம் டாலர் கணக்கில் எழுதப்பட்டிருந்தன. கரி எரிவதாலும் வாயு கசிவதாலும் ஆகாயம் சூடேறி உலகத்துக்கு உண்டாகும் நஷ்டத்துக்குத் தொகை இல்லை. விசேஷம் என்னவென்றால், அந்த நஷ்டத்தை ஒரு டன்னுக்கு இவ்வளவு என்று மதிப்பிட அரசாங்கமே 2010-ம் ஆண்டில் ஓர் அளவுமுறை ஏற்படுத்தியிருந்தது. குத்தகை பற்றிய வரைவு அறிக்கையில் அந்த அளவுமுறைப்படி கணக்கும் போட்டிருந்தார்கள். முடிவான அறிக்கையில் அதை எடுத்துவிட்டார்கள்! விவகாரம் நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2014-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் நீதிபதி ப்ரூக் ஜாக்சன், நன்மையை எண்ணிச் சொல்லிவிட்டு நஷ்டத்தை எண்ணவே முடியாது என்பது நியாயமற்றது என்று தீர்ப்பளித்தார். எழுதாமல் விட்டது பூச்சியம் என்று எழுதியதற்குச் சமானமாகிவிட்டது என்பது அவர் கருத்து.

பங்குக் குடும்பத்தாரே, இது நமக்குப் புதிய பாடமல்ல. கள்ளத் தராசு சர்வேசுரனுக்கு அருவருப்பு என்று பழமொழியாகமம் போதிக்கிறது. கள்ளத் தராசு என்றவுடன் படிக்கல்லைக் குறைக்கும் கடைக்காரனே நம் நினைவுக்கு வருகிறான். ஆனால் படிக்கல் எல்லாம் சரியாக இருந்தும், ஒரு தட்டில் வைக்க வேண்டியதை வைக்காமலே நிறுப்பவனைப் பற்றி என்ன சொல்வது? அவன் ஒரு பொய்யும் பேசவில்லை. அவன் எழுதிய ஒவ்வொரு எண்ணும் உண்மை. அப்படியிருந்தும் முழுக் கணக்கும் பொய். ஏழாம் கற்பனை விலக்கும் களவில் இதுவும் ஒரு வகை என்பது நமது துணிவு. களவு போனவர் யார் என்று கேட்பீர்களாகில், அந்தக் கரியின் புகை எட்டும் காலத்தில் வாழப்போகிறவர்கள். அவர்களில் பலர் இன்னும் ஞானஸ்நானத் தொட்டிக்கு வந்து சேரவில்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்களையும் கேட்போம். அவை அற்பமானவை அல்ல.

முதலாவது, "ஆகாயத்துக்கு வரும் நஷ்டத்தைத் துல்லியமாகக் கணிக்க முடியாது" என்பது. உண்மைதான். கணிதர்கள் சொல்லும் தொகைகளுக்குள் பெரும் வித்தியாசம் இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டில் மகளுக்குக் கலியாணம் நிச்சயமாகிறது. செலவு எவ்வளவு ஆகும் என்று காசு சுத்தமாகச் சொல்ல முடியுமா? முடியாது. அதற்காகச் செலவே இல்லை என்று எழுதி வைப்பீர்களா? கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ ஒரு தொகை எழுதுவீர்கள். தெரியாத தொகையைப் பூச்சியமாக்குவது அடக்கத்தைப் போலத் தோன்றினாலும் அடக்கம் அல்ல. அதுவும் ஒரு மதிப்பீடுதான். நிச்சயமாகத் தப்பான மதிப்பீடு. ஏனெனில் ஒரு டன் கரி எரிந்தால் இரண்டு டன்னுக்கும் மேல் கரியமில வாயு உண்டாகிறது. கரி காற்றிலுள்ள பிராணவாயுவைத் தன்னோடு சேர்த்துக்கொள்வதால் எடை கூடுகிறது. இது பள்ளிக்கூடப் பையனும் அறிந்த இரசாயனம். வெஸ்ட் எல்க் சுரங்கத்துக்கு 2017-ம் ஆண்டு டிசம்பரில் கூடுதலாக ஒதுக்கப்பட்டது சுமார் 1,700 ஏக்கர்; அதன் அடியில் ஏறத்தாழ 1.7 கோடி டன் கரி. பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, "நாம் தோண்டாவிட்டால் வேறொருவன் தோண்டுவான், உலகம் எரிக்கும் கரி குறையப் போவதில்லை" என்பது. இதுதான் எல்லா ஊரிலும் எல்லாத் தொழிலிலும் கேட்கும் நியாயம். சாராயக் கடைக்காரனும், லஞ்சம் வாங்குகிறவனும், வட்டிக்கு விடுகிறவனும் இதைத்தான் சொல்கிறார்கள். யூதாஸ் காட்டிக்கொடுக்காவிட்டால் பிரதான குருக்கள் வேறு ஆளைப் பிடித்திருக்கமாட்டார்களா? பிடித்திருப்பார்கள். அதனால் முப்பது வெள்ளிக்காசின் பழி யூதாசைவிட்டு நீங்கிற்றா? மனச்சாட்சி, "இது உன்னால் மட்டும் தடைபடுமா?" என்று கேட்பதில்லை. "இதில் உன் கை இருந்ததா?" என்றே கேட்கிறது. அது நிற்க, உலக வழக்கின்படியும் அந்த நியாயம் முழுவதும் நிற்காது. சந்தையில் சரக்கு குறைந்தால் விலை ஏறும். விலை ஏறினால் வாங்குவோர் குறைவர். வயோமிங் மாநிலத்துக் கரிக் குத்தகைகளைப் பற்றி 2017-ம் ஆண்டில் மேல்முறையீட்டு மன்றம் இதையே எடுத்துக்காட்டி, குத்தகை விட்டாலும் விடாவிட்டாலும் எரியும் கரி ஒரே அளவுதான் என்ற அரசாங்க வாதத்தை ஒதுக்கித் தள்ளிற்று.

மூன்றாவது நியாயம் நம் நெஞ்சைத் தொடுவது. "சுரங்கத்தில் இறங்குகிறவனுக்குக் குடும்பம் இல்லையா?" அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் மூன்று பெரிய சுரங்கங்கள் நடந்தன. எல்க் கிரீக், போவி என்ற இரண்டும் சில ஆண்டுகள் இடைவெளியில் நின்றுபோயின. தகப்பனுக்கு வேலை போனால் வீட்டில் அடுப்பு என்னவாகும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1891-ம் ஆண்டில் லேயோ 13-ம் பாப்பரசர் தொழிலாளர் நிலையைப் பற்றி நிருபம் எழுதியபோது, குடும்பத்தைக் காப்பாற்றத் தக்க கூலியை நீதியின் பேரால் கேட்டார், தருமத்தின் பேரால் அல்ல. ஆகவே கூலியும் தட்டில் வைக்கப்பட வேண்டிய பொருளே, கனமான பொருள். அதை அற்பமென்று பேசும் பட்டணத்துக் கனவான்களோடு நமக்கு உடன்பாடு இல்லை. ஆனால் கூலியை ஒரு தட்டில் வைத்ததால் மறு தட்டை மூடிவிடலாம் என்பதில்லை. சுரங்கம் மூடினால் அதன் பாரத்தைத் தொழிலாளி ஒருவனே சுமக்கும்படி விடுவது வேறொரு அநீதி. மலிவான மின்சாரத்தை அனுபவித்தவர் எல்லோரும் அதில் பங்கு ஏற்க வேண்டும். பொதுக் கரியிலிருந்து சர்க்காருக்கு வரும் உரிமைத் தொகை இருக்கிறதே. அதில் பாதியளவு மாநிலத்துக்குப் போகிறது. நிலத்தடிக் கரிக்கு நெடுநாளாக விலையில் 8 விழுக்காடாக இருந்த அத்தொகையை 2025-ம் ஆண்டுச் சட்டம் 2034 வரைக்கும் 7 விழுக்காட்டுக்கு மேற்படாமல் குறைத்துவிட்டது. சுரங்கத் தொழிலாளரின் மறுவாழ்வுக்குப் பணமில்லை என்று அழுகிறவர்கள் இதையும் எண்ணிப் பார்ப்பார்களாக.

இனி, நமது ஒழுக்க சாஸ்திரம் இதில் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஒரே செய்கையிலிருந்து நன்மையும் தீமையும் பிறக்குமானால், அதைச் செய்யலாமா என்று வேதசாஸ்திரிகள் நெடுங்காலமாக ஆராய்ந்திருக்கிறார்கள். செய்கை தன்னிலே கெட்டதாயிருக்கக்கூடாது, தீமையை நாடக்கூடாது, தீமையை வழியாகக் கொண்டு நன்மையை அடையக்கூடாது, நன்மை தீமைக்கு ஈடானதாயிருக்க வேண்டும். மீத்தேன் வாயுவை வெளியே விடுவது இதற்கு நல்ல உதாரணம். நாடுவது தொழிலாளியின் உயிர். பின்தொடரும் தீமை ஆகாயத்துக்கு. மீத்தேன் நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கும், இருபது ஆண்டுக் கணக்கில் 80 மடங்கும் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்கிறார்கள் விஞ்ஞானிகள். ஆயினும் மனித உயிருக்காக விடுவதால் குற்றமில்லை என்று தோன்றும்.

இங்கேதான் ஒரு நிபந்தனை இருக்கிறது. அதே நன்மையைக் குறைந்த தீமையோடு அடைய வேறு வழி இருந்தால், கூடுதல் தீமைக்கு ஈடான காரணம் இல்லாமற் போகிறது. வேறு வழி உண்டா? உண்டு. துளை வாயிலேயே வாயுவை எரித்துவிடலாம். தீங்கு முற்றும் ஒழியாது, ஆனால் பெரும்பங்கு குறையும். அல்லது பிடித்து மின்சாரம் உண்டாக்கலாம். எங்கோ அல்ல, அதே சோமர்செட்டில், எல்க் கிரீக் சுரங்கத்தில் 2012-ம் ஆண்டு முதல் 3 மெகாவாட் மின்சாரம் அவ்விதம் உண்டாக்கினார்கள். பனிச்சறுக்கு விளையாட்டு நடத்தும் ஆஸ்பென் கம்பெனி அதற்கு முதல் போட்டது. மின்சாரத்தை வாங்கியது திருச்சிலுவை என்ற பெயர் தாங்கிய ஒரு கூட்டுறவு மின்சாரச் சங்கம். (சிலுவை வடிவில் பனி தங்கி நிற்கும் மலை ஒன்று அந்த மாநிலத்தில் இருக்கிறது.) எல்லாச் சுரங்கத்திலும் இது சுலபமல்ல என்பது உண்மை, வாயுவின் அளவும் கலப்பும் இடத்துக்கு இடம் மாறும், செலவும் உண்டு. ஆனால் முடியாதது வேறு, செலவு பிடிப்பது வேறு. உயிருக்காக வாயுவை விடுகிறோம் என்று சொல்கிறவர், எரிக்காமல் விடுவது எதற்காக என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் "செலவு" என்றால், செலவு என்றே சொல்லட்டும். தொழிலாளியின் உயிரைக் கேடயமாகப் பிடிக்க வேண்டாம்.

நீதிமன்றங்கள் இதை எப்படித் தீர்த்தன என்று அறிய ஆவலாயிருப்பீர்கள். 2014-ல் தள்ளுபடியான விலக்கை அரசாங்கம் புதிய அறிக்கை தயாரித்து 2016-ம் ஆண்டு டிசம்பரில் மறுபடியும் கொண்டுவந்தது. 2020-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் மேல்முறையீட்டு மன்றம் அதையும் தள்ளிற்று. பைலட் நாப் என்ற பகுதியை விலக்கிலிருந்து நீக்கலாமா என்ற யோசனையைத் தக்க காரணமின்றி ஒதுக்கினார்கள் என்பதற்காக. ஆனால் வாயுவை எரிப்பதைப்பற்றி அந்தக் கட்டத்தில் விரிவாக ஆராய வேண்டியதில்லை என்ற அரசாங்க வாதத்தை அதே மன்றம் ஏற்றுக்கொண்டது. 2025-ம் ஆண்டு மே மாதம், அதே மாநிலத்து ஈகிள் கவுண்டி தொடுத்த ஓர் இரயில் பாதை வழக்கில், ஐக்கிய நாட்டு உச்ச நீதிமன்றம், ஆராய்ச்சி எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதை இலாகாக்களின் யோசனைக்கே பெரும்பாலும் விட்டுவிட்டது.

இதில் மலைக்க ஒன்றுமில்லை. 1970-ம் ஆண்டு ஜனவரி 1-ம் தேதி கையெழுத்தான அந்தச் சுற்றுப்புறச் சட்டம், "பார்த்துச் செய்" என்று மட்டுமே கட்டளையிடுகிறது. "நல்லதைச் செய்" என்று கட்டளையிடவில்லை. நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம் வேண்டும் என்று சிறு வயதில் படித்திருக்கிறோம் அல்லவா? அந்தச் சட்டம் கேட்பது முதற் காரியமாகிய ஆத்தும சோதனையை மட்டும். மனஸ்தாபமும் பிரதிக்கினையும் சட்டத்தால் வருவிக்கக் கூடியவை அல்ல. 2015-ம் ஆண்டு வெளியிட்ட நிருபத்தில் காலஞ்சென்ற பிரான்சிஸ் பாப்பரசர், இத்தகைய ஆராய்ச்சி திட்டமெல்லாம் முடிவான பிறகு ஒப்புக்குச் செய்வதாயிராமல், ஆரம்பத்திலேயே, ஒளிவு மறைவின்றி, யாருடைய நெருக்குதலுக்கும் உட்படாமல் செய்யப்பட வேண்டும் என்று போதித்திருக்கிறார். சட்டம் சுருங்கினாலும் அந்தக் கடமை சுருங்காது.

"நமக்கென்ன?" என்று கேட்பவரும் இருக்கலாம். 2023-ம் ஆண்டில் மத்திய அரசு ஏலத்துக்கு விட்ட பட்டியலில் தஞ்சை வடசேரியும், அரியலூர் மைக்கேல்பட்டியும், சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கேயுள்ள நிலமும் பழுப்பு நிலக்கரிக்காக இடம் பெற்றிருந்தன. எதிர்ப்பு எழுந்து ஏப்ரலில் அம்மூன்றும் நீக்கப்பட்டன. நம் நெல் வயலுக்கு நாம் கேட்ட நியாயத்தைக் கொலராடோவின் ஆஸ்பென் காட்டுக்கும் பழத்தோட்டக்காரனுக்கும் மறுக்கலாகாது. நெய்வேலியில் நிலத்தைக் கொடுத்தவர்கள் பக்கம் என்ன தட்டில் வைக்கப்பட்டது என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. அவர்கள் கொடுத்த நிலத்திலிருந்து வந்த மின்சாரத்தில் படித்தவர்கள்தானே நாம்.

கடைசியாக, குற்றம் யாரைச் சேரும் என்பதைப் பகுத்தறிய வேண்டும். கரி வெட்டும் தொழிலாளி குடும்பத்துக்காக உழைக்கிறான். அந்தக் குத்தகையின் தீமைக்கு அவன் ஒத்துழைப்பு வெகு தூரமானது. அவனை யாரும் பாவி என்று சுட்டிப் பேச வேண்டாம். விளக்கைப் போடும் நாமும் ஏறக்குறைய அவன் வரிசைதான். வீணாக எரியவிட்டால் மட்டும் சற்று முன்னே நிற்கிறோம். வாயுவை எரிக்க வசதி இருந்தும் இலாபத்துக்காக விடும் முதலாளி வெகு அருகில் நிற்கிறான். அவனுக்கும் அருகில் நிற்பவர், வரைவில் இருந்த எண் முடிவான அறிக்கையில் இல்லை என்பதைக் கண்டும், கேள்வி கேட்காமல், கோப்பின் அடியில் கையெழுத்துப் போட்டவர். அவரும் ஒருவேளை நம்மைப்போல் ஞாயிறு பூசைக்குப் போகிறவராயிருக்கலாம். அவருக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றே: அந்தப் பக்கத்தைத் திரும்ப எடுத்து, எடுத்துவிட்ட எண்ணை அதற்குரிய இடத்தில் எழுதிவிட்டு, பிறகு குத்தகை கொடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கட்டும்.